அப்பாவைக் கேட்டீர்களா?

ஒரு தபால் அட்டை போடாததால் மகளை இழந்தவர் ஜோனதன் லெர். நியூயார்க் மாநிலத்தில் 1976 நவம்பரில் அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தையின் தாயோடு சேர்ந்து வாழ்ந்தாரே தவிர, இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. பிரசவம் முடிந்த எட்டாவது மாதம் அந்தப் பெண் வேறொருவரை மணந்துகொண்டார். குழந்தைக்கு இரண்டு வயது முடிந்த கையோடு, 1978 டிசம்பரில், குழந்தையைச் சட்டப்படி தத்தெடுக்கப் புதுக் கணவர் அல்ஸ்டர் கவுன்ட்டி குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட்டார்.

லெருக்கு இது தெரியாது. ஜனவரி கடைசியில் அவர் தன் பங்குக்கு வெஸ்ட்செஸ்டர் கவுன்ட்டி நீதிமன்றத்துக்குப் போனார். நான்தான் தகப்பன் என்று அறிவியுங்கள், பராமரிப்புத் தொகை எவ்வளவு என்று சொல்லுங்கள், குழந்தையைப் பார்க்க அனுமதி கொடுங்கள் என்று கேட்டார். தத்து வழக்கு ஒன்று தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது என்பதே மார்ச் 3-ம் தேதி கைக்கு வந்த ஒரு நோட்டீஸைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரிந்தது. 7-ம் தேதி, தத்து வழக்கை நிறுத்திவைக்கக் கேட்கப்போகிறோம் என்று சொல்ல அவருடைய வக்கீல் நீதிபதிக்குப் போன் செய்தார். 'ஆணையில் ஏற்கெனவே இன்று கையெழுத்துப் போட்டுவிட்டேனே' என்பதுதான் பதில்.

நீதிபதிக்கு விஷயம் தெரியாமல் இல்லை. லெர் என்றொருவர் இருக்கிறார், வேறொரு கோர்ட்டில் பிள்ளையைக் கேட்டு மனுப் போட்டிருக்கிறார் என்பதெல்லாம் தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டார். ஏனென்றால், யாருக்கெல்லாம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று நியூயார்க் சட்டம் வைத்திருந்த பட்டியலில் லெர் வரவில்லை. கல்யாணம் ஆகாத தகப்பன்மார்களுக்கென்று மாநிலம் ஒரு பதிவேடு வைத்திருந்தது. 'இந்தக் குழந்தைக்கு நான் தகப்பன்' என்று ஒரு தபால் அட்டையில் எழுதிப் போட்டிருந்தால் போதும், பதிவாகியிருக்கும். லெர் போடவில்லை.

வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1983 ஜூனில் 6-க்கு 3 என்று அவருக்கு எதிராக முடிந்தது. ரத்த உறவு ஒருவனுக்கு ஒரு வாய்ப்பை மட்டும்தான் தருகிறது, அந்த வாய்ப்பை எட்டிப் பிடித்துப் பிள்ளையோடு உறவை வளர்த்துக்கொண்டவனுக்கே உரிமை என்பது பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸின் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், நீதிபதி ஒயிட் எழுதிய மாறுபட்ட தீர்ப்பைப் படித்தால் தலை சுற்றும். தாய் இருக்கும் இடத்தையே மறைத்துவிட்டார், துப்பறியும் ஆள் வைத்துத்தான் கண்டுபிடித்தேன், பணம் கொடுக்க முன்வந்தேன் என்பது லெர் தரப்பு சொன்ன கதை. அது உண்மையா பொய்யா என்று எந்த நீதிமன்றமும் விசாரிக்கவே இல்லை. பெயரும் முகவரியும் கோர்ட் கையிலேயே இருந்த ஒருவர் தபால் அட்டை போடவில்லை என்பதை ஒரு காரணமாகச் சொல்லலாமா என்று கேட்டார் ஒயிட். எனக்கும் அதே கேள்விதான்.

இந்த வழக்கை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. தகப்பனைக் கேட்காமல் பிள்ளையைத் தத்து கொடுத்த வழக்குகளை வரிசையாகப் படித்துக்கொண்டே போனால், 'இவன் நல்லவனா, கெட்டவனா' என்ற கேள்வி மெல்லப் பின்னால் போய்விடுகிறது. காலண்டர்தான் முன்னால் வந்து நிற்கிறது. எத்தனையாவது நாளில் அவனுக்குத் தெரிந்தது, எத்தனையாவது நாளில் கெடு முடிந்தது என்பதில்தான் பெரும்பாலான வழக்குகள் நிற்கின்றன, விழுகின்றன. அப்புறம் வழக்கு நடக்கும் வருஷங்கள் இருக்கின்றன. பிள்ளை அங்கே வளர்கிறது, அந்த வீட்டு அம்மாவை 'அம்மா' என்று கூப்பிடுகிறது. கடைசியில் கோர்ட் தந்த தாமதமே தகப்பனுக்கு எதிரான சாட்சியாக வந்து கூண்டில் ஏறுகிறது.

தாய் செத்தால் பிள்ளை அரசுக்கு

1972-க்கு முன்னால் நிலைமை இன்னும் மோசம். இல்லினாய் மாநிலத்தில் பீட்டர் ஸ்டான்லி என்பவர் ஒரு பெண்ணோடு விட்டுவிட்டு 18 வருஷம் வாழ்ந்தார். மூன்று பிள்ளைகள். தாலி கட்டாத குறைதான். அந்தப் பெண் இறந்தவுடன் பிள்ளைகளை அரசு எடுத்துக்கொண்டது. கல்யாணமாகாத தகப்பன் என்றால் பிள்ளை வளர்க்கத் தகுதியில்லாதவன் என்று அந்த மாநிலச் சட்டம் விசாரிக்காமலேயே முடிவு கட்டியிருந்தது. மணமான தகப்பனுக்கும் விவாகரத்தானவருக்கும் கிடைத்த விசாரணை ஸ்டான்லிக்குக் கிடைக்கவில்லை. 1972 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதை ரத்து செய்தது. ஒருவர் தகுதியில்லாதவர் என்றால் நிரூபியுங்கள், நீங்களாகவே ஊகித்துக்கொள்ளாதீர்கள் என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

அந்த ஒரு தீர்ப்பில் தத்துக்கொடுக்கும் ஏஜென்சிகள் எல்லாம் ஆடிப்போயின. அதுவரை தாய் கையெழுத்துப் போட்டால் காரியம் முடிந்தது. இப்போது, யாரென்றே தெரியாத ஒருவன் பின்னாளில் கோர்ட்டுக்கு வந்து நிற்கலாம். அந்தப் பயத்துக்கு மாநிலங்கள் கண்டுபிடித்த மருந்துதான் தகப்பன் பதிவேடு. இன்று 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இது இருக்கிறது. குழந்தை பிறப்பதற்கு முன்போ, பிறந்த சில வாரங்களுக்குள்ளோ பதிய வேண்டும். பல மாநிலங்களில் 30 நாள் கெடு. பதியாவிட்டால் நோட்டீஸ் இல்லை, சம்மதம் கேட்க வேண்டியதில்லை.

இப்படி ஒரு பதிவேடு இருப்பது எத்தனை ஆண்களுக்குத் தெரியும்? டிரைவிங் லைசென்ஸ் எடுக்கத் தெரிந்த 20 வயதுப் பையனுக்கு, காதலியோடு ஓர் இரவு தங்கிவிட்டு வந்ததும் மாநில அலுவலகத்துக்கு ஒரு படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? தவிர, ஒரு மாநிலப் பதிவேடு அடுத்த மாநிலத்தைக் கட்டுப்படுத்தாது. அவன் கொலராடோவில் பதிந்து வைத்திருப்பான், பிரசவம் யூட்டாவில் நடக்கும். தேசம் முழுவதற்கும் ஒரே பதிவேடு வேண்டும் என்ற யோசனை 2006-லேயே அமெரிக்க செனட்டுக்கு மசோதாவாக வந்தது. சட்டமாகவில்லை.

57-வது நாள்

இருப்பதிலேயே அதிகம் பேசப்பட்ட வழக்கு சிகாகோவில் நடந்தது. நீதிமன்ற ஆவணங்களில் குழந்தைக்கு 'ரிச்சர்ட்' என்ற புனைபெயர். 1991 மார்ச் 16-ல் பிறந்தான். அப்பா, செக் நாட்டிலிருந்து குடியேறியவர். பிரசவத்துக்குச் சில வாரங்களுக்கு முன் சாகக் கிடந்த பாட்டியைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தார். 'அங்கே பழைய காதலியோடு சேர்ந்துவிட்டார்' என்று இங்கே கர்ப்பிணியின் காதில் யாரோ போட்டார்கள். கோபத்தில் அந்தப் பெண், குழந்தை பிறந்த நாலாம் நாளே அதைத் தத்து கொடுத்துவிட்டார். தத்தெடுக்கும் தம்பதிக்கும் அவர்களுடைய வக்கீலுக்கும் தகப்பன் யாரென்று தாய்க்குத் தெரியும் என்பது தெரியும். பெயரைச் சொல்ல மாட்டேன் என்றார், அவர்களும் வற்புறுத்தவில்லை. ஊரிலிருந்து திரும்பி வந்தவரிடம் சொல்லப்பட்டது: குழந்தை இறந்துவிட்டது.

அவர் அதை முழுசாக நம்பவில்லை. விசாரித்துக்கொண்டே இருந்தார். பிறந்த 57-வது நாள் உண்மை தெரிந்தது. உடனே வக்கீல் வைத்தார், தத்தை எதிர்த்தார். ஆனால், இல்லினாய் சட்டம், குழந்தை பிறந்து 30 நாளுக்குள் தகப்பன் அக்கறை காட்டியிருக்க வேண்டும் என்றது. செத்துவிட்டதாகச் சொல்லப்பட்ட குழந்தை மேல் எப்படி அக்கறை காட்டுவது? கீழ்க் கோர்ட் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. 'தகுதியற்ற தகப்பன்' என்று தீர்ப்பெழுதியது. 1993-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஆமோதித்தது. அதற்குச் சொன்ன பெரிய காரணம், குழந்தையின் நலன். அதற்குள் அந்தப் பெண்ணும் அவரும் சமாதானமாகிக் கல்யாணமே செய்துகொண்டிருந்தார்கள். பெற்ற தாய், பெற்ற தகப்பன் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு பிள்ளையைக் கேட்டார்கள்.

1994 ஜூனில் இல்லினாய் உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. நீதிபதி ஜேம்ஸ் ஹைப்பிளின் தர்க்கம் எளிமையானது, கொஞ்சம் முரட்டுத்தனமானதும்கூட. தகப்பன் தகுதியற்றவன் என்பது நிரூபணமாகாத வரை, பிள்ளையின் நலன் எங்கே என்ற கேள்விக்கே இடமில்லை. அதை முதலில் கேட்க ஆரம்பித்தால், நம்மைவிட வசதியான, அதிகம் படித்த யார் வேண்டுமானாலும் வந்து, 'உன் பிள்ளையை நான் இன்னும் நன்றாக வளர்ப்பேன்' என்று கேட்டுவிடலாம். ஏழை வீட்டுப் பிள்ளை எதுவும் ஏழை வீட்டில் தங்காது.

இந்த வாதத்தை நான் முழுமனதாக ஏற்கிறேன். ஆனால், 1995 ஏப்ரல் 30-ம் தேதி எடுத்த படங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தர்க்கம் எல்லாம் நினைவில் நின்றிருக்காது. நாலு வயதுப் பையன். பிறந்ததிலிருந்து தெரிந்த ஒரே அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறான். அதுவரை ஒட்டி உறவாடாத ஒருவர் கை நீட்டி வாங்கிக்கொள்கிறார். வாசலில் அக்கம்பக்கத்தார் கூட்டம், டிவி கேமராக்கள். 'சிகாகோ ட்ரிப்யூன்' பத்தி எழுத்தாளர் பாப் கிரீன் கோர்ட்டை விடாமல் திட்டி எழுதினார். மாநில கவர்னரே தீர்ப்பைக் கண்டித்தார். தகப்பன் வில்லனாகிப்போனார். அவர் செய்த குற்றம், பொய் சொல்லப்பட்டவராக இருந்தது.

பிறகு அந்தக் குடும்பத்தோடு பழகிய உளவியலாளர் கேரன் மோரியார்ட்டி, பையன் புது வீட்டில் நன்றாகவே ஒட்டிக்கொண்டான் என்று புத்தகம் எழுதினார். அதை டிவி கேமராக்கள் போய்ப் படம் பிடிக்கவில்லை. சட்டமன்றம் என்ன செய்தது? அந்த அமளியிலேயே, தகப்பன் பதிவேட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அடுத்த முறை கெடு தாண்டிய அப்பாக்கள் ஜெயிக்காமல் பார்த்துக்கொண்டது.

இதே காலத்தில் அயோவா மாநிலத்தில் இன்னொன்று. அங்கே 72 மணி நேரம் காத்திருக்க வேண்டிய தாயிடம் சுமார் 40 மணி நேரத்திலேயே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். தகப்பன் என்று வேறொரு ஆணின் பெயரைத் தாய் சொல்ல, அந்த ஆளும் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒரு மாதத்துக்குள் உண்மையான தகப்பன் கோர்ட்டில். அதாவது, குழந்தைக்குத் தவழக்கூடத் தெரியாதபோதே விஷயம் வெளியே வந்துவிட்டது. மிச்சிகனிலிருந்து தத்தெடுக்க வந்தவர்கள் அன்றைக்கே கொடுத்திருந்தால் கண்ணீர் இரண்டு பெரியவர்களோடு முடிந்திருக்கும். அவர்கள் மிச்சிகன் கோர்ட், அயோவா கோர்ட் என்று மாறி மாறிப் போராடியதில், இரண்டரை வயதில்தான் 1993 ஆகஸ்டில் குழந்தை கை மாறியது.

மனைவி பெற்ற பிள்ளைக்கும்

யூட்டா மாநிலத்துச் சட்டத்தைப் படித்தால், ஏலத்துக்கு ஊரில் தண்டோராவே போடாமல் 'நீ ஏன் வந்து கேட்கவில்லை' என்று கேட்பதுபோல் இருக்கும். குழந்தை பிறந்து 24 மணி நேரம் ஆனதும் தாய் கையெழுத்துப் போடலாம். கல்யாணமாகாத தகப்பன் அந்தக் கையெழுத்துக்கு முன்னதாகவே தந்தைமை வழக்குப் போட்டிருக்க வேண்டும், பிள்ளையை எப்படி வளர்ப்பேன் என்று பிரமாணப் பத்திரம் கொடுத்திருக்க வேண்டும், மாநிலப் பதிவு அலுவலகத்தில் தகவல் பதிந்திருக்க வேண்டும், பிரசவச் செலவில் பங்கும் ஏற்றிருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் போச்சு. தாய் பொய் சொன்னாள் என்பது சாக்கு ஆகாது என்று சட்டமே சொல்கிறது. ஒரு பெண்ணோடு உறவு வைத்துக்கொண்டதே, கர்ப்பமும் தத்தும் நடக்கலாம் என்று உனக்குக் கொடுத்த நோட்டீஸ்தான் என்பது அவர்கள் கணக்கு. தனியார் ஏஜென்சிகள் வழியாக ஒரு பச்சைக் குழந்தையைத் தத்தெடுக்கப் பல பத்தாயிரம் டாலர் செலவாகும் நாடு அது. குழந்தைகள் குறைவு, காத்திருக்கும் தம்பதிகள் அதிகம். வெளி மாநிலக் கர்ப்பிணிகள் பிரசவத்துக்கு யூட்டாவுக்கு வந்து சேர்வது தற்செயல் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

கல்யாணம் ஆனவர்களுக்காவது பாதுகாப்பு உண்டா என்றால், 2011-ல் நடந்ததைப் பாருங்கள். ராணுவப் பயிற்சி அதிகாரி ஒருவர் தெற்கு கரோலினாவில் வேலையில் சேரப் போயிருந்தார். நிறைமாத மனைவி டெக்ஸாஸிலிருந்து யூட்டாவுக்குப் போய்ப் பிரசவித்து, குழந்தையைத் தத்து கொடுத்துவிட்டுத் திரும்பினார். கணவர் இவர், சட்டப்படியான தகப்பன் இவர், எந்தப் பதிவேடும் இவருக்குத் தேவையில்லை. அப்படியிருந்தும் மகள் கைக்கு வர 2013 ஜனவரி ஆனது. தத்தெடுத்தவர்களும் விஷயம் தெரிந்த பிறகு விட்டுக்கொடுக்கவில்லை. கோர்ட் ஆணையிட்ட பிறகுதான் கொடுத்தார்கள்.

ராணுவத்தாரின் கதை இன்னொன்று இதைவிடப் பிரபலம். ஒக்லஹோமாவில் 2009 செப்டம்பரில் பிறந்த 'வெரோனிகா'. தகப்பன் செரோக்கி பழங்குடி. குழந்தை வயிற்றில் இருந்தபோதே தாய் குறுஞ்செய்தியில் கேட்டார்: மாதாமாதம் பணம் கட்டுகிறாயா, உரிமையை விட்டுக்கொடுக்கிறாயா? 'விட்டுக்கொடுக்கிறேன்' என்று அவரும் குறுஞ்செய்தியிலேயே பதில் போட்டார். தாயிடமே பிள்ளை வளரும் என்று நினைத்துச் சொன்னது என்பது அவர் பக்கம். இந்த இடத்தில் அவர்மேல் எனக்குப் பெரிய பரிவு இல்லை. கர்ப்பமாக இருந்த காலத்தில் அவர் பத்துப் பைசா கொடுக்கவில்லை. ஆனால், மற்றதையும் கேளுங்கள். பழங்குடிக் குழந்தைகளைக் கண்டபடி வெளியே தத்து கொடுக்கக் கூடாது என்று 1978-லேயே மத்தியச் சட்டம் இருக்கிறது. அதன்படி, தகப்பன் உங்கள் ஆளா என்று செரோக்கி அரசிடம் கேட்டு ஒரு கடிதம் போனது. அதில் அவர் பெயரின் எழுத்தும் தப்பு, பிறந்த தேதியும் தப்பு. அப்படி ஒரு ஆளை எங்களுக்குத் தெரியாது என்று பதில் வந்தது. ஈராக்குக்குக் கிளம்ப சில நாள் இருக்கும்போது, குழந்தைக்கு நாலு மாதமானபோது, அவருக்கு முதன்முதலாகக் காகிதம் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்ட பிறகுதான், பிள்ளை தெற்கு கரோலினாவில் வேறொரு வீட்டில் இருப்பது தெரிந்தது. மறுநாளே வக்கீலைப் பார்த்தார்.

அப்புறம் நடந்ததெல்லாம் குழந்தைக்கு நடந்தது. 2011-ன் கடைசி நாளில், 27 மாதக் குழந்தையாக, வளர்த்தவர்களிடமிருந்து பிரித்து அப்பாவிடம் கொடுத்தார்கள். 2013 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று, பிள்ளையை ஒருபோதும் தன் வசம் வைத்திராத தகப்பனுக்கு அந்த 1978 சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது என்றது. செப்டம்பரில், நாலு வயதில், மறுபடி பிரித்து வளர்த்தவர்களிடமே கொடுத்தார்கள். ஒரே குழந்தையை இரண்டு முறை வேரோடு பிடுங்கிய பெருமை அந்த நீதி அமைப்புக்கு உண்டு.

ஐரோப்பா மட்டும் யோக்கியமா என்றால் இல்லை. 1999-ல் ஜெர்மனியில் தாய், குழந்தையைப் பிறந்த கையோடு கொடுத்துவிட்டார். துருக்கியரான தகப்பனுக்குச் சில வாரங்களில் தெரிந்தது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2004-ல் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகும், நவும்பர்க் மேல் நீதிமன்றம் அவரைப் பிள்ளையைப் பார்க்கவே விடவில்லை. ஜெர்மன் அரசியல் சாசன நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. 2008-ல் மகன் அப்பா வீட்டுக்கு வந்தபோது அவனுக்கு எட்டு வயது.

விளம்பரத்தில் ஒரு பெண்ணின் அந்தரங்கம்

இத்தனை நேரம் ஆண்கள் பக்கமே பேசிவிட்டேன். ஆத்திரப்பட்டிருக்கும் வாசகிகளுக்காக ஃபுளோரிடாவுக்குப் போவோம். அப்பாக்களுக்கு எப்படியாவது தகவல் சேர வேண்டும் என்று அந்த மாநிலம் 2001-ல் ஒரு சட்டம் போட்டது. தகப்பன் யார், எங்கே என்று தெரியாத தாய், குழந்தையைத் தத்து கொடுக்க விரும்பினால் செய்தித்தாளில் விளம்பரம் கொடுக்க வேண்டும். வாரம் ஒருமுறை, நாலு வாரம். அதில் அவள் பெயர், வயது, உயரம், எடை, முடியின் நிறம், கண்ணின் நிறம் எல்லாம் வர வேண்டும். எந்தெந்தத் தேதியில் எந்த ஊரில் கர்ப்பம் தரித்திருக்கலாம், யாராக இருக்கலாம் என்பதும் வர வேண்டும். பலாத்காரத்துக்கு ஆளான பெண்ணுக்கும், மைனர் பெண்ணுக்கும் முதலில் விலக்கு இல்லை. 2003-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை அடித்து நொறுக்கியது, சட்டமன்றமும் வாபஸ் வாங்கிக்கொண்டது. இந்தக் கூத்துக்குப் பிறகு, ஃபுளோரிடாவும் தகப்பன் பதிவேட்டுக்கே போனது. லெரின் தபால் அட்டை வழி எவ்வளவுதான் ஓட்டையாக இருந்தாலும் ஒரு பெண்ணைச் சந்தியில் நிறுத்தவில்லை. அதை நானும் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

அடிக்கிறவன், குடித்துவிட்டு மிரட்டுகிறவன், பலவந்தம் செய்தவன், கர்ப்பம் என்றதும் போன் நம்பரை மாற்றியவன். இவர்களும் 'தகப்பன்' என்ற வரிசையில்தான் நிற்கிறார்கள். 'அப்பாவின் சம்மதம் இல்லாமல் எதுவும் நடக்கக் கூடாது' என்று ஒரே வரியில் சட்டம் எழுதினால், அவளைத் துரத்துகிறவன் கையில் ஒரு சாவியைக் கொடுத்தது போலாகிவிடும். இதனால்தான் என் வாதம் சம்மதத்தைப் பற்றியதாக இல்லை, தகவலைப் பற்றியதாக இருக்கிறது. கேட்ட பிறகு மறுக்கலாம். கேட்காமலே மறுத்துவிட்டு, பிறகு 'நேரமாகிவிட்டது' என்று சொல்லக் கூடாது.

இங்கே எப்படி?

நம் நாட்டில் தலைகீழ்க் கதை. 1956-ன் இந்துத் தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டத்தில் பிள்ளையைத் தத்து கொடுக்கும் உரிமை தகப்பனுக்கே இருந்தது. மனைவியின் சம்மதம் மட்டும் வேண்டும். தகப்பன் இறந்தாலோ, துறவு பூண்டாலோ, மதம் மாறினாலோ, புத்தி பேதலித்தவர் என்று கோர்ட் அறிவித்தாலோதான் தாய்க்கு அந்த அதிகாரம். 2010-ல் செய்த திருத்தம்தான் இருவருக்கும் சம உரிமை கொடுத்து, ஒருவர் சம்மதமில்லாமல் மற்றவர் கொடுக்க முடியாது என்று மாற்றியது. மறுமணம் செய்துகொண்ட பெண்கள், புதுக் கணவர் பேரில் பிள்ளையின் இனிஷியலை மாற்ற வேண்டும், சட்டப்படி தத்தாக்க வேண்டும் என்று வக்கீல் அலுவலகங்களுக்கு வரும்போது முதலில் கேட்கப்படும் காகிதம் முதல் கணவரின் சம்மதம். பத்து வருஷமாக எட்டிப் பார்க்காதவரானாலும் அவர் கையெழுத்துக்காக அலைய வேண்டும். அமெரிக்காவில் லெர் அலைந்தார். இங்கே தாய் அலைகிறாள்.

கல்யாணம் ஆகாத பெற்றோர் என்றால் கதை மாறும். இந்து இளவர் காப்பாளர் சட்டப்படி அப்படிப் பிறந்த பிள்ளைக்கு முதல் காப்பாளர் தாய், அவளுக்குப் பிறகே தகப்பன். 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. மணமாகாத கிறிஸ்தவத் தாய் ஒருவர், தன் மகனுக்குத் தன்னையே காப்பாளராக அறிவிக்கக் கேட்ட வழக்கில், தகப்பன் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, அவருக்கு நோட்டீஸும் அனுப்ப வேண்டியதில்லை என்று நீதிபதி விக்ரமஜித் சென் தீர்ப்பு எழுதினார். நல்ல தீர்ப்பு. ஆனால், அங்கே தாய் பிள்ளையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கேட்டார். வேறு வீட்டுக்குக் கொடுக்கும்போதும் அதே கணக்குப் பொருந்துமா?

சிறார் நீதிச் சட்டத்தின்படி, வளர்க்க முடியாத பெற்றோர் குழந்தைகள் நலக் குழுவின் முன் ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் குழந்தையைக் கொடுக்கலாம். மனம் மாற இரண்டு மாதம் அவகாசம் உண்டு. மணமான தம்பதி என்றால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். மணமாகாத தாய் என்றால் அவர் கையெழுத்தே போதும். தகப்பனைத் தேடும் வேலை அந்தக் கோப்பில் இல்லை.

கோப்பில் தாயே இல்லாமல் போன கதையும் பக்கத்திலேயே நடந்தது. திருவனந்தபுரத்தில் 2020 அக்டோபரில் பிறந்த ஆண் குழந்தை, சில நாட்களில் கைவிடப்படும் குழந்தைகளுக்கான 'அம்மத்தொட்டில்' வழியாக அரசு சார்ந்த குழந்தைகள் நல அமைப்பின் கைக்குப் போனது. மணமாகாத தாய், தன் பெற்றோரே குழந்தையைப் பிரித்துக் கொண்டுபோய்விட்டதாகப் புகார் கொடுத்தார். புகார் சுற்றிக்கொண்டிருந்தபோதே குழந்தை ஆந்திரத் தம்பதி ஒருவரிடம் போய்ச் சேர்ந்தது. தாயும் தகப்பனும் தலைமைச் செயலகம் முன்னால் உட்கார்ந்த பிறகுதான் டி.என்.ஏ. சோதனை நடந்தது. 2021 நவம்பர் 24-ல் குடும்ப நீதிமன்றம் குழந்தையை ஒப்படைத்தது. ஆந்திரத் தம்பதிக்கு இறுதித் தத்து ஆணை வந்திருக்கவில்லை. அது வந்திருந்தால் இந்தக் கதைக்கு வேறு முடிவு. வட சென்னையில் 1999-ல் பெற்றோர் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை கடத்தப்பட்டு, நெதர்லாந்துக்குத் தத்துப் போன வழக்கில், பெற்றோர் கடல் கடந்து போய் அந்த நாட்டுக் கோர்ட்டில் டி.என்.ஏ. சோதனை கேட்டு நிற்க வேண்டி வந்தது. அதற்குள் பத்து வருஷம் ஓடி, பையன் வேறு மொழி பேசிக்கொண்டிருந்தான்.

2022 முதல் தத்து ஆணைகளைக் கோர்ட்டுக்குப் பதில் மாவட்ட ஆட்சியர்களே பிறப்பிக்கிறார்கள். மனு வந்த இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும் என்பது விதி. இல்லங்களில் பிள்ளைகள் தேங்கிக் கிடக்கக் கூடாது, வேகம் நல்லதுதான். ஆனால், பின்னால் வேகம் கூட்டினால் முன்னால் விசாரணையும் கூட வேண்டும். சிகாகோ தகப்பனுக்கு 57-வது நாள் தெரிந்தது. நம் சட்டத்தின் இரண்டு மாதக் கெடுவுக்குள் அது வந்துவிடும்தான். வந்து என்ன பயன்? மனம் மாறும் உரிமை கையெழுத்துப் போட்டவருக்கு. கையெழுத்தே கேட்கப்படாதவருக்கு அந்த விதியில் ஒரு வரிகூட இல்லை.

அமெரிக்கப் பதிவேட்டை இங்கே கொண்டுவரச் சொல்ல மாட்டேன். பிறப்புச் சான்றிதழ் வாங்கவே புரோக்கரைப் பார்க்கும் ஊரில் அது யாருக்கும் தெரியாத இன்னொரு ரிஜிஸ்டராகத் தூங்கும். குழந்தைகள் நலக் குழுவில் தாயிடம் தனியே, வீட்டாரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்கலாம். அவள் பெயர் சொன்னால், அந்த இரண்டு மாதத்துக்குள்ளேயே அவனுக்கு மூடிய உறையில் ஒரு கடிதம் போகட்டும். வந்து பேசட்டும், தகுதியிருக்கிறதா என்று விசாரிக்கட்டும். பிள்ளை அதுவரை யார் வீட்டுக்கும் போக வேண்டாம். அவள் சொல்ல மாட்டேன் என்றால் அதோடு விட்டுவிட வேண்டும், காரணம்கூடக் கேட்கக் கூடாது. அந்த மௌனத்தால் குற்றம் எதுவும் செய்யாத சில அப்பாக்கள் தோற்பார்கள். அதற்கு என்னிடம் மாற்று இல்லை.